அலை வந்துடுச்சு, சரி. இரைச்சல் எங்கே?

ஈசிஇ ஃபைனல் இயர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டினால் ஒரு படம் கண்டிப்பாக இருக்கும். விசிஓ அல்லது பிஎல்எல், டிரான்சியன்ட் சிமுலேஷன், வழவழன்னு ஒரு சைன் அலை. கீழே "அவுட்புட் வெரிஃபைடு". வைவாவிலும் அதுக்கு மேல கேள்வி வராது.

அந்தப் படம் ஆசிலேட்டர் ஓடுதுன்னு மட்டும்தான் சொல்லுது. அது நல்ல ஆசிலேட்டரான்னு சொல்லவே இல்லை. ஃபேஸ் நாய்ஸ் பற்றி ஒரு பக்கம்கூட இல்லாத பிஎல்எல் ப்ராஜெக்டை முடிந்த ப்ராஜெக்ட்டாக ஏத்துக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஏன்? டிரான்சிஸ்டரிலும் ரெசிஸ்டரிலும் இருக்கிற இரைச்சல் ஆசிலேட்டரைத் தொடர்ந்து தட்டிக்கிட்டே இருக்கும். ஆம்ப்ளிட்யூட் கொஞ்சம் மாறினால் சர்க்யூட்டே அதைப் பழைய அளவுக்கு இழுத்துவிடும். ஃபேஸ் நகர்ந்தால் இழுக்க யாரும் இல்லை, பிழை சேர்ந்துகொண்டே போகும். அதனால ஸ்பெக்ட்ரத்தில் ஒற்றைக் கோடாக இருக்க வேண்டியது, இரண்டு பக்கமும் பாவாடை மாதிரி விரிகிறது.

அந்தப் பாவாடை என்ன செய்யும்? நமக்கு வேண்டிய சேனல் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ், பக்கத்தில் நம்ம சிக்னலைவிட 60 டிபி பெரிய சிக்னல் ஒன்று இருக்குன்னு வைங்க. அந்த இடைவெளியில் ஃபேஸ் நாய்ஸ் மைனஸ் 113 டிபிசி/ஹெர்ட்ஸ் இருந்தாலே, பக்கத்து சிக்னல் மிக்ஸரில் கொண்டுவரும் இரைச்சல் நம்ம சிக்னலுக்குச் சமமாகிவிடும். மைனஸ் 100 என்றால் நம்ம சிக்னல் 13 டிபி ஆழத்தில் புதைஞ்சு போச்சு. டிரான்சியன்ட் படத்தில் இரண்டு ஆசிலேட்டரும் ஒரே மாதிரி அழகாத்தான் தெரியும்.

"ஸ்பைஸ்ல நாய்ஸ் அனாலிசிஸ் இருக்கே"ன்னு கேட்பீங்க. இருக்கு. ஆனா அது ஒரு டிசி ஆபரேட்டிங் பாயிண்ட்டைச் சுற்றி லீனியரா கணக்குப் போடும். ஆசிலேட்டர் அந்தப் புள்ளியில் நிற்பதே இல்லையே. சாதாரண டிரான்சியன்ட்டிலோ டிவைஸ் இரைச்சல் சேர்வதே கிடையாது. என்ஜிஸ்பைஸில் இரைச்சல் சோர்ஸை நாமே சேர்த்து ஓட்டலாம், ஆனா கணக்கைப் பாருங்க. 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் இரைச்சலைப் பார்க்கக் குறைஞ்சது 1 மில்லிசெகண்ட் ஓட்டணும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 24 லட்சம் சுற்று. சுற்றுக்கு 50 புள்ளி வைத்தால் 12 கோடி ஸ்டெப். அதுக்கு மேல, மைனஸ் 100 என்பது கேரியர் பவரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. ஸ்பைஸோட வழக்கமான ரெல்டால் ஆயிரத்தில் ஒன்று. எஃப்எஃப்டியில் தெரியுற பாவாடை சர்க்யூட்டோடதா, டைம் ஸ்டெப் பிழையோடதா என்று எப்படிச் சொல்வீங்க?

இதுக்கான சரியான வழி, முதலில் ஆசிலேட்டர் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி இரைச்சலைக் கணக்கிடுவது. ஸ்பெக்டர்ஆர்எஃப் போன்ற டூல்களில் பிஎஸ்எஸ், பிநாய்ஸ் என்று இருப்பது அதுதான். "லேப்ல லைசென்ஸ் இல்லை" என்ற பதில் உடனே வரும். நியாயம்தான். ஆனா பிஎல்எல் அளவில் யோசிக்க லைசென்ஸே வேண்டாம்.

வோல்டேஜை விட்டுவிட்டு ஃபேஸை மட்டும் மாடல் செய்யுங்க. 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் எடுத்தால் என் மதிப்பு 240. லூப் பேண்ட்வித்துக்குள் ரெஃபரன்ஸ் இரைச்சல் 47.6 டிபி ஏறி அவுட்புட்டுக்கு வரும். விசிஓ இரைச்சலை லூப் உள்ளே அடக்கும், வெளியே அப்படியே விடும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடத்துக்குப் பக்கத்தில் லூப் பேண்ட்வித்தை வைக்கணும். ஆக்டேவில் சில வரிகளில் முடியுற வேலை இது. பேண்ட்வித்தை ஏன் அந்த மதிப்பில் வைத்தோம் என்பதற்கு அப்போதான் நம்மகிட்ட ஒரு காரணம் இருக்கும்.

விசிஓவுக்கு 1966-ல் லீசன் கொடுத்த சமன்பாடு போதும். அதில் வருகிற நாய்ஸ் ஃபேக்டரை அளந்துதான் தெரிஞ்சுக்க முடியும் என்பது அதோட குறை. ஆனா ரெசனேட்டரின் க்யூ இரண்டு மடங்கானால் கேரியருக்குப் பக்கத்தில் 6 டிபி குறையும்னு அது சொல்லிவிடும். ஹஜிமிரியும் லீயும் 1998-ல் இன்னும் ஒரு படி போனார்கள். இரைச்சல் அலையின் உச்சியில் அடித்தால் பெரும்பாலும் ஆம்ப்ளிட்யூட்தான் மாறும், பூஜ்யத்தைக் கடக்கும்போது அடித்தால் ஃபேஸ் நகரும். எப்போ அடிக்குது என்பதும் முக்கியம்.

லைசென்ஸ் இருக்கிறவங்களுக்கும் இந்தக் கைக்கணக்கு வேணும். பிநாய்ஸில் சைட்பேண்ட் எண்ணிக்கையைக் குறைவாகக் கொடுத்தால், மேல் ஹார்மானிக்குகளிலிருந்து மடிஞ்சு வர இரைச்சல் விட்டுப்போகும். டூல் எர்ரர் காட்டாது, நல்ல நம்பரா காட்டும். அந்த நம்பரைச் சந்தேகப்பட நம்ம கையில் ஒரு நம்பர் இருக்கணும்.

ஜூனியர்ஸ், அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு பக்கம் போதும். எந்த இடைவெளியில் எவ்வளவு இரைச்சல் தாங்கும், ரெஃபரன்ஸ் எவ்வளவு தருது, விசிஓ எவ்வளவு தருது. டூலை ஓட்டுறதுக்கு முன்னாடியே எழுதி வைங்க. வைவாவில் யாரும் கேட்கலைன்னா, நீங்களே எடுத்துச் சொல்லுங்க.