சந்தா லாபமா? தண்டமா? எண்ணிப் பாருங்கள்!

"டெலிவரி இலவசம்" என்கிறார்கள். ஆனால் அந்த இலவசத்துக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். இது என்ன இலவசம்?

ஆன்லைன் கடையில் சந்தா கட்டி உறுப்பினராகச் சேருகிறவர்கள் ஏராளம். கட்டின காசு திரும்பி வந்ததா என்று பார்க்கத்தான் ஆளில்லை.

ஏறியது கட்டணம்

அமேசான் கம்பெனி "பிரைம்" சந்தாவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது 2016 ஜூலையில். ஆரம்பச் சலுகையாக வருடத்துக்கு ரூ.499. பிறகு ரூ.999. 2021 டிசம்பரில் ரூ.1,499. ஐந்தரை வருடத்தில் மூன்று மடங்கு!

2023 ஏப்ரலில் மாதச் சந்தா ரூ.179-ல் இருந்து ரூ.299-க்குத் தாவியது. அந்தக் கணக்கில் மாதாமாதம் கட்டுகிறவருக்கு வருடத்தில் ரூ.3,588 காலி. மொத்தமாகக் கட்டுகிறவரைவிட ரூ.2,089 அதிகம். கையில் காசு இல்லாதவர் தலையில்தான் பாரமும் கூடுதல்!

"படம் பார்க்கலாமே" என்பார்கள். அதிலும் 2025 ஜூனில் விளம்பரம் புகுந்தது. விளம்பரம் வேண்டாமென்றால் வருடத்துக்கு இன்னும் ரூ.699 வை என்றார்கள்.

38 பொட்டலம்!

ஒரு பொட்டலத்துக்கு டெலிவரி கூலி ரூ.40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூ.1,499-ஐ எடுக்க வருடத்தில் 38 பொட்டலம் வர வேண்டும். பத்து நாளைக்கு ஒன்று!

வாரம் தவறாமல் வாங்குகிற வீடு, படமும் பார்க்கிற வீடு என்றால் சந்தா லாபம்தான். தாராளமாக வைத்துக்கொள்ளலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வாங்குகிறவருக்கு அது தண்டம். வேண்டுமானால் அந்த ஒரு மாதத்துக்குக் கட்டிவிட்டு நிறுத்திவிடலாம்.

இன்னொரு வினை உண்டு. "கட்டின காசு வீணாப் போகுதே" என்று வேண்டாத சாமானையும் வாங்கிக் குவிப்பது. இது சந்தாவைவிடப் பெரிய செலவு.

நிறுத்த விடுவார்களா?

சேருவது சுலபம். விலகத்தான் வழி தேட வேண்டும். அமெரிக்காவில் இதே புகாரில் அரசு வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கொடுத்து அமேசான் சமரசம் செய்துகொண்டது. தப்பை ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கேயும் விதி இருக்கிறது. "சந்தா வலை" கூடாது என்று 2023 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. விதி காகிதத்தில் தூங்கினால் போதாது. ஒரு தட்டில் சேர்ப்பவர்கள் ஒரு தட்டில் விலகவும் விட வேண்டும். அதை அதிகாரிகள்தான் கண்காணிக்க வேண்டும்.

மக்களும் விழித்துக்கொள்ள வேண்டும். பணம் எடுக்கப்போவதாக வரும் எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் அழிக்காதீர்கள். ஏமாற்றம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

இன்று இரவே செல்போனை எடுங்கள். ஒரு வருடத்தில் வந்த பொட்டலங்களை எண்ணுங்கள். கணக்கு உதைத்தால் சந்தாவை வெட்டுங்கள். தெருமுனை அண்ணாச்சி கடையில் சந்தா கேட்பதில்லை!