எழுதத் திணறும் கை

இயற்பியல் மாணவனுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஒளியைப் பற்றிப் படிப்பவன் நான்; ஒளியும் இருளும் கொண்டே மனித உள்ளத்தைக் காட்டிய காரவாஜியோவை அறியாதிருந்தால்தான் வியப்பு!

ரோம் நகரில் சான் லூயிஜி தேய் பிரான்செசி ஆலயத்திற்காக, 1602-ஆம் ஆண்டு அவர் புனித மத்தேயுவைத் தீட்டினார். மத்தேயு நற்செய்தி எழுதுகிறார்; வானதூதர் துணைபுரிகிறார். இதுவே கருப்பொருள். முதலில் தீட்டிய ஓவியத்தில் மத்தேயு, வழுக்கைத் தலையும் தடித்த கால்களும் கொண்ட ஓர் உழைப்பாளி. கால்மேல் கால் போட்டிருக்கிறார். வெறுங்கால் நம்மை நோக்கி நீள்கிறது. நெற்றி சுருங்க, மடியிலுள்ள ஏட்டை வியந்து பார்க்கிறார். வானதூதர் நெருங்கி நின்று, அவர் கையைப் பிடித்து எழுதுவிக்கிறார்.

புனிதருக்குரிய தோற்றம் இதில் இல்லை என்று குருமார் மறுத்துவிட்டதாகப் பதினேழாம் நூற்றாண்டு எழுத்தாளர் பெல்லோரி கூறுகிறார். அடுத்துத் தீட்டிய ஓவியமே இன்று அந்த ஆலயத்தில் உள்ளது. அதில் மத்தேயு செவ்வாடை அணிந்த அறிஞர், தலையில் ஒளிவட்டம். வானதூதர் மேலே மிதந்தபடி விரல்விட்டு எண்ணிச் சொல்கிறார். அழகுதான். ஆனால், கை கையைத் தொடவில்லையே!

மத்தேயு வரி வசூலித்த ஆயக்காரர். கணக்கெழுதத் தெரிந்தவருக்குக் கைப்பிடித்துக் கற்பிக்க வேண்டுமா என்று சிலர் வாதிடலாம். கணக்கெழுதுவது வேறு, காலத்தை வென்று நிற்கும் சொல்லை எழுதுவது வேறு. பெரும் பொருளின் முன் எவரும் முதல் வகுப்பு மாணவரே! திணறும் அந்தக் கை அறியாமையின் குறியீடு அன்று. பணிவின் குறியீடு என்பதே என் கருத்து.

குருமாரைக் குறைகூற எனக்கு மட்டும் என்ன தகுதி? கல்லூரியில் சேர்ந்த அன்று, படிவத்தில் என் தந்தை பெருவிரல் பதித்தபோது, யாரேனும் பார்க்கிறார்களா என்று வெட்கித் தலைகுனிந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்ற செருக்கு வேறு! நூலகப் புத்தகம் ஒன்றில் அந்த முதல் ஓவியத்தைக் கண்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த விடுமுறையில் தந்தையின் கையைப் பிடித்து, அவர் பெயரை எழுதப் பழக்கினேன். மண்வெட்டிக்கு நடுங்காத கை எழுதுகோலுக்கு நடுங்கியது. என் கையும்தான்.

முதல் ஓவியம் 1945-இல் பெர்லினில் தீக்கிரையாயிற்று. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களே எஞ்சியுள்ளன. வண்ணம் போனால் என்ன? பிடித்த கை இன்னும் விடவில்லை!