ஸ்பைடர் பயிற்சியும் சரளி வரிசையும்

சாமராஜநகரிலும் மைசூருவிலும் கிதார் பயிலும் மாணவர் பலருக்குக் கைப்பேசிக் காணொளியே ஆசான். அது முதல் நாளே கற்பிப்பது 'ஸ்பைடர்' பயிற்சி: நான்கு விரல்களை அடுத்தடுத்த நான்கு மெட்டுகளில் வைத்து ஆறு தந்திகளிலும் ஏறி இறங்குதல். விரல் பழகுகிறது, செவிக்கு அங்கே வேலையில்லை. தவறான ஸ்வரம் என்று ஒன்றே இல்லாத பயிற்சியில் செவி எதைத் திருத்தும்?

இது மேலை மரபின் குறை என்று சொல்லிவிட முடியாது. மௌரோ ஜூலியானி 1812-இல் வியன்னாவில் வெளியிட்ட 120 வலக்கைப் பயிற்சிகள் இரண்டே கார்டுகளில் அமைந்தவை. இடக்கைக்குச் சுமை குறைத்து வலக்கையை மட்டும் கவனிக்கச் செய்த தெளிவான ஏற்பாடு அது. காணொளிகளில் அந்தத் தெளிவு இல்லை, வேகப் போட்டிதான் இருக்கிறது.

நம் கைக்கெட்டும் தூரத்தில் வேறொரு பாடத்திட்டம் இருக்கிறது. புரந்தரதாசர் வகுத்தார் என மரபு கூறும் சரளி, ஜண்டை, அலங்கார வரிசைகளைக் கிதாரில் வைத்துப் பாருங்கள். ஐந்தாம் தந்தியைத் திறந்தநிலையில் ஆதார சட்ஜமாகக் கொண்டால், மாயாமாளவகௌளையின் ரிஷபம் முதல் மெட்டில், காந்தாரம் நான்காம் மெட்டில் விழும். ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே கை விரிந்தே ஆக வேண்டும். மத்யமம் அடுத்த தந்தியின் திறந்த ஒலி. ஸ்பைடர் தரும் விரல்விரிவு இதிலும் கிடைக்கிறது. ஆனால் சுண்டுவிரல் பிசகினால் காந்தாரமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஜண்டை வரிசையின் பயன் இன்னும் நுட்பமானது. அதில் இரட்டிக்கும் ஸ்வரங்களுள் இரண்டாவதற்கே அழுத்தம். பிக் கொண்டு கீழ்மீட்டு, மேல்மீட்டு என மாற்றி மாற்றி வாசிப்பவருக்கு அந்த அழுத்தம் எப்போதும் மேல்மீட்டில் விழுகிறது. கிதார் கலைஞரின் வலுவற்ற மீட்டு அதுதான். திஸ்ர திரிபுட அலங்காரத்தில் ஆவர்த்தனம் ஏழு அட்சரம். முதற்காலத்தில் ஓர் ஆவர்த்தனம் கீழ்மீட்டில் தொடங்கினால் அடுத்தது மேல்மீட்டில் தொடங்கும். எந்த மீட்டும் சலுகை பெறாது. கிதாரையே அறியாத மரபு, கிதாரின் பலவீனத்துக்கு மருந்து வைத்திருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். மெட்ரோனோமில் இரண்டிரண்டு அலகாக ஏற்றும்போது கை இறுகுவதை மாணவர் உணர்வதில்லை. மூன்று காலப் பயிற்சியில் தாளம் மாறாமல் வேகம் இரட்டிக்கிறது. இறுக்கம் உடனே வெளிப்படும். மணிக்கட்டு வலிக்கும்போதும் வாசிப்பதை விடாமுயற்சி எனப் புகழும் காணொளிகள் ஆபத்தானவை. டேவிட் லைஸ்னர் என்னும் அமெரிக்கக் கிதார் கலைஞர் விரல் தசைக் கட்டுப்பாடு குலைந்து பல ஆண்டுகள் மேடையை இழந்திருந்ததை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சரளி எல்லாவற்றையும் கற்பித்துவிடாது. கார்டு மாற்றமும் பல தந்திகளை ஒருசேர மீட்டும் வலக்கைப் பழக்கமும் அதில் இல்லை. அதற்கு ஜூலியானியே வேண்டும்.

'கிதாரில் கமகம் வராது' என்று இசைத்துறையினர் சிலர் இன்றும் சொல்வதைக் கேட்கிறேன். சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் இதே கருவியில் கர்நாடகக் கச்சேரி செய்தவர்கள். மெட்டுள்ள இன்னொரு மேலைக் கருவியான மாண்டலினை யு. ஸ்ரீநிவாஸ் எங்கே கொண்டு சேர்த்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திருமகூடலு நரசிபுரத்துச் சௌடையா வயலின் மேதையானது பிடாரம் கிருஷ்ணப்பா என்னும் வாய்ப்பாட்டுக்காரரிடம் பயின்று. அங்கே கருவி இசைக்குப் பின்னால் வந்தது.

வீணை சேஷண்ணாவின் ஊரில், தொடக்கநிலை வீணை வகுப்பில் ஒரு பருவம் கிதார் மாணவர்களையும் உட்காரவிட்டால் என்ன? பாடநூல் மாற வேண்டாம், புதிய பணியிடமும் வேண்டாம். வீணையிலும் இருப்பவை 24 மெட்டுகள்தாமே.