ஊதச் சொன்னால் ஊதுங்கள். கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

இரவு பதினொரு மணிக்கு மேல் நமக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பல, லாரி ஓட்டுநர்களின் வீடுகளிலிருந்து வருபவை. "அண்ணா, அவர ஊதச் சொன்னாங்களாம், மெஷின்ல காட்டிடுச்சாம். வண்டி ரோட்லயே நிக்குது. லைசென்ஸ வாங்கி வச்சிக்கிட்டாங்களாம். இப்ப என்னா பண்றது?" பேசுவது பெரும்பாலும் மனைவி, சில நேரம் பத்தாம் வகுப்போ பதினொன்றாம் வகுப்போ படிக்கும் மகள். பின்னணியில் குழந்தை அழும் சத்தம் கேட்கும்.

குத்தம்பாக்கத்தைச் சுற்றி இந்தத் தொழில்தான் எங்கும் தெரிகிறது. ஒருபுறம் பெங்களூரு நெடுஞ்சாலை, மறுபுறம் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை. திருமழிசை தொழிற்பேட்டை, அம்பத்தூர், திருப்பெரும்புதூர் ஆலைகள், எண்ணூர் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்கள். 2020-இல் கொரோனா பரவியபோது கோயம்பேடு காய்கறிச் சந்தையையே திருமழிசைக்கு மாற்றினார்கள். அந்த நாட்களில் ஊரே அடைந்து கிடக்க, நம் பிள்ளைகள்தான் லோடு ஏற்றி இறக்கி வண்டி ஓட்டினார்கள். நிலம் இல்லாத குடும்பத்துக்கு கனரக வாகன லைசென்ஸ் என்பது ஒரு காணி நிலத்துக்குச் சமம். அப்பா ஏரோட்டியது அடுத்தவர் நிலத்தில். மகன் ஓட்டும் லாரியும் அடுத்தவருடையதுதான், ஆனால் லைசென்ஸ் அவன் பெயரில் இருக்கிறது. அது பறிபோனால் அந்த வீட்டில் அடமானம் வைக்க வேறொன்றும் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். குடித்துவிட்டு லாரி ஓட்டுகிறவருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அதே நெடுஞ்சாலையை அதிகாலையில் கடந்து வேலைக்குப் போகும் பெண்களும், பழைய சைக்கிளில் கம்பெனிக்குப் போகும் பையன்களும் நம் தெருக்காரர்கள்தான். 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவில் குடிபோதையில் ஓட்டப்பட்ட கார் நடைபாதையில் ஏறியதே, அங்கே தூக்கத்தில் செத்துப்போன ஏழு பேரும் கூலித் தொழிலாளர்கள். அந்த வழக்கில் ஓட்டியவரின் தண்டனையை 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கவனக்குறைவு என்று விட்டுவிடாமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்றே அதைக் கொண்டது. சரியான தீர்ப்பு அது. குடித்தவர் தண்டனை அனுபவிக்கட்டும்.

ஆனால் சட்டம் சொல்லும் தண்டனை ஒன்று, நம் ஆட்கள் அனுபவிப்பது வேறொன்று. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். இந்தத் தொகைகள் 2019-இல் திருத்தப்பட்டவை.

சீருடையில் இருக்கும் காவலர், சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால், ஊதச் சொல்லலாம். மறுக்காதீர்கள். மறுத்தால் பிரிவு 205-இன்படி அந்த மறுப்பே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகும். ஊதுவதற்கு முன் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள், புதிய குழல் கேளுங்கள். இருமல் மருந்து குடித்திருந்தாலோ வாய் கொப்பளிக்கும் மருந்து பயன்படுத்தியிருந்தாலோ உடனே சொல்லுங்கள். வாயில் தங்கிய ஆல்கஹால் பதினைந்து நிமிடத்தில் போய்விடும், அதன் பின் மறுபடி ஊதச் சொல்லிக் கேட்கலாம். அச்சாகி வரும் சீட்டில் தேதி, நேரம், அளவு மூன்றையும் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் செல்போனில் படம் எடுத்து வீட்டுப் பிள்ளைக்கு அனுப்புங்கள். கல்லூரி மாணவர்கள் இந்தப் பத்தியை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

கைது செய்தால் இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. பிரிவு 202-இன்படி, இந்தக் குற்றத்துக்காகக் கைதான ஒருவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். வழக்கு அதோடு போய்விடாது, ஆனால் ஆளை இரவெல்லாம் உட்கார வைத்திருக்க முடியாது. இந்த இரண்டு மணி நேரக் கணக்கு சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நமக்குத் தெரிந்த எந்த ஓட்டுநருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

காவல் நிலையத்தில் மீண்டும் ஊத வாய்ப்புக் கேட்கும் உரிமையும் உண்டு. மூச்சில் வாடை, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல் என்பதை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவு செய்துவிட முடியாது என்பதை, பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கில் 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதினான்கு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தவன் இறங்கி நின்றால் தள்ளாடத்தான் செய்வான்.

இங்கே சாதியும் வந்து நிற்கிறது. "எந்த ஊர்?" என்று கேட்டு, ஊர்ப் பெயருக்குப் பின்னால் "காலனியா?" என்று கேட்கிற தொனி நமக்குத் தெரியும். காலனிக்காரன் என்றால் குடித்திருப்பான் என்று கருவி பேசுவதற்கு முன்பே முடிவு கட்டுகிறார்கள். சாதியைச் சொல்லி பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்தினால், அதைச் செய்பவர் பட்டியல் சமூகத்தைச் சேராதவராக இருந்தால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது தனிக் குற்றம். காக்கிச் சட்டைக்கு விதிவிலக்கு இல்லை. அதற்காக, குடித்துப் பிடிபட்ட வழக்கை மறைக்க இந்தச் சட்டத்தைக் கேடயமாகத் தூக்குவதும் தகாது. அப்படிச் செய்தால் உண்மையாக இழிவுபட்ட அடுத்தவரின் புகார் அடிபட்டுப் போகும்.

அடுத்தது பணம். போக்குவரத்துக் குற்றங்கள் பலவற்றை அந்த இடத்திலேயே அபராதம் கட்டி முடித்துக்கொள்ளலாம். அப்படி முடிக்கத்தக்க குற்றங்களைப் பட்டியலிடுவது பிரிவு 200. அந்தப் பட்டியலில் 185 இல்லை. இந்த வழக்கு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எனவே சாலையோரத்தில் யாராவது ரொக்கமாகக் கேட்டால் அது அபராதம் அல்ல, அதன் பெயர் வேறு. லைசென்ஸை வாங்கிக்கொள்ள காவலருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதற்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். சீட்டு இல்லாமல் கொடுத்துவிட்டு வந்து, பிறகு எந்த நிலையத்தில் இருக்கிறது என்று தெரியாமல் மூன்று நிலையங்கள் அலைந்த ஒருவருடன் நாமும் அலைந்திருக்கிறோம்.

நீதிமன்றத்தில் நடப்பது இன்னும் வேகம். பெயரைக் கூப்பிடுவார்கள். ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். "ஒத்துக்கிட்டா இன்னிக்கே முடிஞ்சிடும்" என்று வாசலில் ஒருவர் காதில் சொல்லியிருப்பார். ஒரு நாள் பேட்டா போகிறதே என்று நம் ஆள் தலையாட்டுவார். அபராதம் கட்டி வெளியே வந்து டீ குடிப்பார். அந்தத் தலையாட்டலோடு அவர் முன்குற்றவாளி ஆகிவிட்டார் என்பதும், அடுத்த முறை இரண்டு ஆண்டு சிறை அவர் தலைக்கு மேல் தொங்குகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. உண்மையில் குடித்திருந்தால் ஒப்புக்கொள்வது நேர்மை, அதை நாம் தடுக்கவில்லை. ஆனால் ஒரு வழக்கறிஞரிடம் பேசிய பிறகு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழக்கைச் சொல்கிறோம். 2002 செப்டம்பரில் மும்பையில் ஒரு பேக்கரி வாசலில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது நடிகர் சல்மான் கானின் கார் ஏறி ஒருவர் இறந்தார். 2015 மே மாதம் அவருக்கு ஐந்தாண்டு சிறை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், அவர்தான் ஓட்டினார், குடித்திருந்தார் என்பதை அரசுத் தரப்பு ஐயமற நிரூபிக்கவில்லை என்று கூறி விடுதலை செய்தது. இரத்த மாதிரியை எப்படி எடுத்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்று ஒவ்வொரு கண்ணியாகக் கேள்வி கேட்க அவருக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். நம் ஓட்டுநர் தான் ஊதிய சீட்டைக் கூடக் கண்ணால் பார்ப்பதில்லை.

வழக்கறிஞர் வைக்க வசதி எங்கே என்று கேட்பீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12-ஐப் பாருங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. சாதிச் சான்றிதழ் நகலும் வழக்கு விவரமும் எடுத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். காவலில் இருப்பவர்களும் இதே பிரிவில் வருகிறார்கள். கிறித்தவரான நம் உறவுகளுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைக்காது என்ற பழைய அநியாயம் இங்கும் குறுக்கே நிற்கிறது. அவர்கள் வருமான வரம்பின்படி விண்ணப்பிக்க வேண்டும்.

அபராதத்தை விடப் பெரிய அடி லைசென்ஸ் முடக்கம். குடித்து ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சொந்தக் கார் வைத்திருப்பவர் மூன்று மாதம் ஆட்டோவில் போவார். லாரி ஓட்டுநருக்கு அது மூன்று மாதப் பட்டினி, கந்து வட்டி, மூத்த பெண்ணின் கல்லூரிக் கட்டணம். பிரிவு 19-இன்படி, முடக்குவதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆர்டிஓ அலுவலகத்திலிருந்து வரும் நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிட்டால் இதில் எதுவும் நடக்காது. லைசென்ஸில் முகவரியை மாற்றி வையுங்கள்.

ஓட்டுநர்களிடம் ஒரு கணக்கும் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டர் முடித்துவிட்டு, ஆறு மணி நேரம் தூங்கி, நான்கு மணிக்கு வண்டி எடுப்பவர் தான் தெளிந்துவிட்டதாக நினைக்கிறார். அறுபது கிலோ எடையுள்ள ஆளுக்கு 180 மில்லி மதுவால் இரத்தத்தில் ஏறும் அளவு சுமார் 150 மில்லி கிராம். உடல் அதை மணிக்கு ஏறத்தாழ 15 மில்லி கிராம்தான் கரைக்கும். நான்கு மணிக்கு 60 இருக்கும், அதாவது வரம்பைப் போல் இரண்டு மடங்கு. மோர் குடித்தாலும் குளித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. "நேத்து ராத்திரி அடிச்சதுண்ணா" என்பது சட்டத்தின் முன் பதிலாகாது, பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற பெண்ணுக்கும் பதிலாகாது.

அந்த நான்கு மணியை முடிவு செய்தது யார் என்பதையும் கேட்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்ற விதியை 2018-இல் எடுத்துவிட்டார்கள். டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசி, நேரத்தில் போகாவிட்டால் பேட்டாவைப் பிடிக்கும் முதலாளியும், வாடை அடிப்பது தெரிந்தே சாவியைக் கொடுக்கும் மேஸ்திரியும் வழக்கில் எங்கும் வருவதில்லை. இத்தனைக்கும் பிரிவு 188, குடித்து ஓட்டுவதற்குத் துணைபோகிறவரையும் அதே தண்டனைக்கு உட்படுத்துகிறது. சென்னையில் 2022-இல் பைக்கின் பின்னால் உட்கார்ந்தவர் மீது இதைப் போடுவதாக அறிவித்தார்கள். டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தின் மீது போடக் கை வராதது ஏன்?

விற்பவரையும் விடுவதற்கில்லை. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது நம் மாநிலத்திலிருந்து போன வழக்கில்தான். 20,000 பேருக்கு மேல் இல்லாத ஊர்களில் அதை 220 மீட்டராகக் குறைத்தார்கள், 2017 ஜூலையில் நகராட்சிப் பகுதிகளுக்கு விலக்கும் வந்துவிட்டது. ஊராட்சிப் பகுதியில் அந்த அளவு இன்றும் செல்லுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாணவர்கள் டேப் எடுத்துக்கொண்டு போய் அளக்கலாம், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

குத்தம்பாக்கத்துக்கு இதில் ஒரு முன்கதை உண்டு. ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்துக்குப் பேர்போன ஊர் இது. 1996-இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ, வேதியியல் பொறியியல் படித்து காரைக்குடி ஆய்வகத்து வேலையை விட்டுவிட்டு வந்தவர், நம்மவர். சாராயம் காய்ச்சுகிறவர்களைப் போலீசில் பிடித்துக் கொடுத்து மட்டும் தீராது, அவர்களுக்கு வேறு பிழைப்பு வேண்டும் என்று ஊரிலேயே தொழில் ஏற்படுத்தப் பாடுபட்டார். தலித் வீடும் தலித் அல்லாதார் வீடும் ஒரே சுவரைப் பகிரும் ஐம்பது இரட்டை வீடுகள் கொண்ட சமத்துவபுரம் இங்கே எழுந்ததும் அவர் காலத்தில்தான். 1956-இல் நாகபுரியில் பாபாசாகேப் ஏற்கச் சொன்ன 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று என்பதை அந்த வீடுகளில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்து நாம் நினைவுபடுத்திக்கொள்வோம்.

இப்போது அதே ஊரின் ஓரத்தில் பெரிய பேருந்து முனையத்தைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். வண்டிகள் பெருகும், ஊதச் சொல்லும் இடங்களும் பெருகும். வரும் கிராம சபையில் இரண்டு தீர்மானங்களை நம் பக்கத்திலிருந்து வைக்கலாம். ஒன்று, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மாதம் ஒரு ஞாயிறு குத்தம்பாக்கத்தில் ஓட்டுநர்களுக்கான சட்ட உதவி முகாம் நடத்த வேண்டும். இரண்டு, லாரிகள் இரவில் நின்று, ஓட்டுநர்கள் குளித்துத் தூங்க, கழிப்பறையும் தண்ணீரும் உள்ள இடம் நெடுஞ்சாலையோரம் வேண்டும். சென்ற வாரம் லைசென்ஸ் முடங்கிய ஒருவரின் மனைவியிடம் இதைச் சொன்னோம். தீர்மானத்தில் முதல் கையெழுத்து தன்னுடையது என்றார். வீட்டுக்காரர் இப்போது ஒரு குடோனில் மூட்டை தூக்குகிறாராம், இன்னும் ஐம்பத்திரண்டு நாள் இருக்கிறதாம்.