"மெலிஞ்சிட்டியே, சூப்பர்!" – இதை நானும் சொல்லியிருக்கேன்

1/ பத்தாம் வகுப்பு படிக்கிற பொண்ணு. பீரியட்ஸ் ஒழுங்கா வரலைன்னு அம்மா கூட்டிட்டு வந்தாங்க. பிசிஓஎஸ் ஆக இருக்கலாம்னு நினைச்சேன். வெளியில பெரிய க்யூ. "கொஞ்சம் வெயிட்டைக் குறைம்மா"ன்னு ஒரே வரியில் சொல்லி அனுப்பிட்டேன். (அடையாளம் தெரியாத மாதிரி விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ மூணு மாசம் கழிச்சு வந்தப்போ நல்லா மெலிஞ்சிருந்தா. "சூப்பர்ம்மா, இப்படியே மெயின்டெய்ன் பண்ணு"ன்னு பாராட்டினேன். அம்மா முகத்துல பெருமை. எப்படிக் குறைச்சேன்னு நான் கேட்கவே இல்லை.

3/ அடுத்த தடவை, ஸ்கூல் பிரேயர்ல மயங்கி விழுந்து வந்தா. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 46. பீரியட்ஸ் சுத்தமா நின்னு போயிருந்தது. ஏம்மா இப்படிப் பண்ணேன்னு கேட்டா, "நீங்கதானே டாக்டர் சூப்பர்னு சொன்னீங்க. இன்னும் குறைச்சா இன்னும் நல்லதுன்னு நினைச்சேன்"னா. இந்த த்ரெட் அதுக்காகத்தான்.

4/ அவளுக்கு இருந்தது அனோரெக்ஸியா. எடை கூடிடுமோங்கிற பயத்தில் சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டே போறது. புலிமியான்னு இன்னொண்ணு: நிறைய சாப்பிட்டுட்டு, குற்ற உணர்ச்சியில் அதை வாந்தி எடுத்தோ பட்டினி கிடந்தோ சரிக்கட்டுவது. மூணாவது பிஞ்ச் ஈட்டிங்: கட்டுப்பாடே இல்லாம சாப்பிட்டுட்டு, அப்புறம் அவமானப்பட்டு அழறது. மூணும் நோய்தான். திமிரோ பிடிவாதமோ கிடையாது.

5/ "இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க பிரச்சனை டாக்டர்"னு சொல்வீங்க. பிஜி தீவுல வாட்டசாட்டமான உடம்புதான் அழகுன்னு இருந்தாங்க. அங்கே நட்ரோகா பகுதிக்கு 1995-ல் டிவி வந்தது. எடை குறைக்க வாந்தி எடுக்கிறேன்னு அப்போ ஒரு பள்ளி மாணவிகூட சொல்லலை. 1998-ல் 11 சதவீதம் பேர் சொன்னாங்க. மூணு வருஷ டிவிக்கே இப்படின்னா, நம்ம பிள்ளைங்க கையில் நாள் முழுக்க ரீல்ஸ் இருக்கு.

6/ வீட்டில் எதைக் கவனிக்கணும்?
• "சாதம் தொட மாட்டேன்", "ஆறு மணிக்கு மேல சாப்பிட மாட்டேன்"னு புதுசு புதுசா ரூல்ஸ்
• "ஸ்கூல்லயே சாப்பிட்டேன்", "பசிக்கலை" – தினமும்
• செவ்வாய், வெள்ளி, சஷ்டின்னு திடீர்னு கூடுற விரதங்கள். நாம பக்தின்னு சந்தோஷப்படுவோம்
• சாப்பிட்ட கையோட பாத்ரூம், உள்ளே குழாய்ச் சத்தம்
• எல்லாருக்கும் விதவிதமா சமைச்சுக் கொடுப்பா, தான் மட்டும் வாயில வைக்க மாட்டா
• ஃபேன் காத்துக்கே குளிருது, முடி கொட்டுது, பீரியட்ஸ் தள்ளிப்போகுது

7/ முக்கியமானது: ஆள் ஒல்லியா இருந்தாதான் இந்த நோய்னு இல்லை. புலிமியா உள்ள பலருக்கு எடை நார்மலா இருக்கும். குண்டா இருந்த பொண்ணு வேகமா இளைச்சாலும் இதே ஆபத்து உண்டு. அவளைத்தான் நாம கைதட்டிப் பாராட்டுறோம்.

8/ ஆபத்து எவ்வளவு? மனநோய்களிலேயே உயிரிழப்பு அதிகமுள்ள நோய்களில் அனோரெக்ஸியாவும் ஒன்று. பட்டினியில் இதயத் துடிப்பு குறையும். அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் இறங்கி, துடிப்பு தாறுமாறாகும். ஆயுசுக்கும் தேவையான எலும்பு பலத்தில் பெரும்பகுதி 18 வயசுக்குள்ளேயே சேர்ந்துடணும். அந்த வயசுல பட்டினி கிடந்தா பிறகு ஈடுகட்டுறது கஷ்டம்.

9/ "அப்போ குண்டா இருந்தா சொல்லவே கூடாதா?" நியாயமான கேள்வி. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டீன் ஏஜ் பிள்ளைகளை அஞ்சு வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. டயட் இருந்த பிள்ளைகளுக்குத்தான் பின்னாடி எடை அதிகமா கூடியிருந்தது, உண்ணும் கோளாறுகளும் அதிகம். அதனால பொண்ணைத் தனியா டயட்ல போடாதீங்க. வீட்டுச் சாப்பாட்டையே மாத்துங்க, எல்லாருக்கும்.

10/ எப்படி?
• ஐசிஎம்ஆர் கணக்குப்படி 16–18 வயசுப் பொண்ணுக்கு அம்மாவை விட அதிக உணவு தேவை. "நானே ரெண்டு இட்லிதான், உனக்கு எதுக்கு நாலு?"ன்னு கேட்காதீங்க
• டியூஷன் அவசரத்துல காலை டிபனை விடக்கூடாது
• முட்டை, சுண்டல், பருப்பு, கீரை, மீன். கூடவே சாதமும். சாதம் எதிரி இல்லை
• ஒரு வேளையாவது டிவி, போன் இல்லாம எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுங்க
• கண்ணாடி முன்னாடி நின்னு "அய்யோ தொப்பை"ன்னு புலம்பாதீங்க. அவ கேட்டுக்கிட்டுதான் இருக்கா
• கல்யாண வீட்டுல "பூசணிக்கா மாதிரி ஆயிட்டியே"ன்னு சொல்ற சொந்தக்காரங்களை அங்கேயே தடுங்க. உங்க பொண்ணு முன்னாடியே தடுங்க

11/ சந்தேகம் வந்தா? திட்டாதீங்க, வாயில திணிக்காதீங்க. "நீ சாப்பிட ரொம்பக் கஷ்டப்படுற மாதிரி தெரியுது, டாக்டரைப் பார்ப்போம்"னு சொல்லுங்க. நாடி, பிபி, ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் பார்க்கணும். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியா விருந்து வைக்கிறதும் ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியா கூட்டணும். மனநல மருத்துவர் கட்டாயம் வேணும். முதல்ல யார்கிட்டயாவது பேசணும்னா டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை.

12/ பெற்றோரைக் குற்றவாளி ஆக்க இதை எழுதலை. பிறவி, சுபாவம், சூழல் எல்லாம் சேர்ந்துதான் இந்த நோய் வருது. ஆனா குணமாக்குறதுல பெற்றோர் கைதான் பெரிய மருந்து. அந்தப் பொண்ணோட அம்மா லீவு போட்டு, மூணு வேளையும் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட வச்சாங்க. பல நாள் தட்டு பறந்தது, அழுகை. எட்டு மாசத்துல பீரியட்ஸ் திரும்ப வந்தது. முழுசா குணமாக இன்னும் நாளாகும்.

13/ அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டாக்டர்"னா. எனக்குத்தான் பரவாயில்லைன்னு தோணலை. இப்போ எடை குறைஞ்சு வர்ற எந்தப் பிள்ளையையும் நான் பாராட்டுறதில்லை. முதல் கேள்வியே "நேத்து என்னென்ன சாப்பிட்டே?". டாக்டர் நண்பர்களே, நீங்களும் கேளுங்க. வயசுப் பொண்ணு இருக்கிற வீடுகளுக்கு இதை அனுப்புங்க.