பழைய கணினிக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதியின்றி முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்வோர் பெற்றுவரும் உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். அதில் மிச்சம் பிடித்துத் தம் பழைய மேசைக்கணினிக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்க முற்படும் ஆய்வாளருக்கு, ஒரு தவறான தேர்வு பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடும்.

பெரும்பாலோர் வேக ஒப்பீட்டுப் பட்டியல்களிலிருந்து தொடங்குகின்றனர். தொடங்க வேண்டிய இடமோ கணினிப் பெட்டியின் உட்புறம். பழைய அலுவலகக் கணினிகள் பலவற்றின் பவர் சப்ளை 300 வாட்டுக்குள் அடங்கும். கார்டுக்கெனத் தனி மின் இணைப்பும் இராது. மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட். 170 வாட் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 3060 அங்கே பயன்படாது. 2024இல் வெளிவந்த, 70 வாட்டில் இயங்கும் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 பொருந்தும். பெட்டிக்குள் அடங்கும் அளவா என்பதை மட்டும் அளந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது நினைவகம். வேகம் குறைந்த கார்டில் கணக்கீடு தாமதமாகும். நினைவகம் போதாத கார்டில் அது நடக்கவே நடக்காது. ஆகவே, 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 மலிவாகக் கிடைப்பினும், ஆழ்கற்றல் ஆய்வுக்கு 6 ஜிபியே மேல்.

அதிலும் அடங்காத பணிக்கு கார்டு வாங்காதிருப்பதே அறிவுடைமை. அதற்குப் பல்கலைக்கழகத்தின் பொதுச் சர்வரே வழி. அது இல்லாத துறையில் ஆய்வாளரின் உதவித்தொகையே ஆய்வக நிதியாகிவிடுகிறது. அதனைச் சிக்கனம் என்று எவரும் பாராட்டலாகாது.