இரும்பு என்றால் குப்பையா?

மெட்டல் டிடெக்டர் வாங்குபவருக்கு ஒரு பாடம் இலவசமாகக் கிடைக்கும். "டிஸ்கிரிமினேஷனை ஏற்றி வை, இரும்பு சத்தம் போடாது. டார்கெட் ஐடி பெரிய நம்பர் காட்டினால் மட்டும் தோண்டு." யூட்யூபில் புதையல் வேட்டைக்காரர்கள் சொல்லித் தருவதும் இதைத்தான். டிஸ்கிரிமினேஷன் என்றால் தமிழில் பாகுபாடு. கருவி பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறது!

முதலில் அந்த எண் என்னவென்று பார்ப்போம். வட்டமான காயில் மண்ணுக்குள் மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, பதிலுக்கு ஒரு சமிக்ஞை திரும்பி வருகிறது. அந்தப் பதில் எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை எண்ணாக்கிக் காட்டினால் அதுதான் டார்கெட் ஐடி. பல கருவிகளில் 0 முதல் 99 வரை. இரும்பு ஆணி கீழே, செம்பும் வெள்ளியும் மேலே. நடுவில்தான் கூத்து. மெல்லிய தங்கத் துண்டும் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஏனென்றால் கருவிக்குத் தங்கம் என்று எதுவும் தெரியாது. மின்கடத்தும் திறன், அளவு, வடிவம் எல்லாம் கலந்த ஒரு கணக்குதான் தெரியும். "தங்கத்தை மட்டும் காட்டும் மெஷின்" என்று விற்கிறவர், இரிடியம் கலசம் விற்கிறவருக்கு ஒன்றுவிட்ட தம்பி.

வேட்டைக்காரரின் கணக்கிலேயே பார்த்தாலும் இது உதைக்கிறது. துருப்பிடித்த ஆணிக்குப் பக்கத்தில் காசு கிடந்தால், ஆணியை மௌனமாக்கும் அமைப்பு காசையும் சேர்த்தே மௌனமாக்கிவிடலாம். பெரிய இரும்புத் தகடு சில சமயம் வெள்ளி மாதிரி பெரிய எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

ஆனால் உண்மையான நஷ்டம் தோண்டுகிறவருக்கு அல்ல, ஊருக்கு. மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னந்தோப்புக்கு அடியில் கிடந்த ஊர் அது. அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டுதான் கி.மு. 580 என்ற காலத்தைக் கொடுத்தது. 56 பானை ஓடுகளில் தமிழி எழுத்து கிடைத்ததாக 2019-ல் தமிழகத் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. சாதாரண டிடெக்டர் ஒரு காசை ஒரு அடி ஆழத்தில் கண்டுபிடித்தாலே பெரிய விஷயம். கரிக்கும் ஓட்டுக்கும் அது எந்த ஆழத்திலும் கத்தாது. பெரிய எண்ணைத் துரத்தி மண்வெட்டி போடுகிறவர், இவை இரண்டையும் வெட்டி வீசிவிட்டுத்தான் தன் காசை எடுப்பார்.

இரும்புக்கு வருவோம். 2025 ஜனவரியில் தமிழக அரசு 'இரும்பின் தொன்மை' என்ற அறிக்கையை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்போடு தொடர்புடைய ஒரு கரி மாதிரிக்கு கி.மு. 3345 என்று காலம் வந்திருந்தது. அதை ஏற்பவர்களும் உண்டு, இன்னும் சான்று கேட்பவர்களும் உண்டு. அந்த விவாதம் நடப்பதற்கே காரணம், எந்தக் கரி எந்தத் தாழியில் எந்த இரும்போடு கிடந்தது என்று ஒருவர் எழுதி வைத்ததுதான். உலகமே திரும்பிப் பார்த்த அந்த இரும்பைத்தான் டிடெக்டரின் முதல் பட்டன் குப்பை என்கிறது.

"வைகை மணலில் கிடைத்த காசுகளை வைத்து வரலாறு எழுதவில்லையா?" என்று கேட்பார்கள். எழுதினார்கள். கரூர், மதுரைப் பகுதிகளில் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைப் பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-ல் ஒரு நூலே வெளியிட்டார். ஆனால் ஆறு அடித்து வந்த காசு, தான் கிடந்த மண்ணடுக்கை ஏற்கெனவே இழந்துவிட்டது. வயலிலும் மேட்டிலும் கிடக்கும் காசு இன்னும் இழக்கவில்லை. ஆறு செய்ததை மனிதன் ஏன் செய்ய வேண்டும்?

"இங்கிலாந்தில் அனுமதிக்கிறார்களே?" அடுத்த கேள்வி. ஆமாம், 2009-ல் ஸ்டாஃபோர்ட்ஷையர் தங்கப் புதையலைக் கண்டுபிடித்ததே ஒரு டிடெக்டர்காரர்தான். ஆனால் அங்கே 1996-ன் சட்டப்படி புதையலைச் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு தொல்லியலாளர்கள் வந்து முறையாகத் தோண்டினார்கள். நம்மிடமும் 1878-லிருந்தே புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும், கண்டெடுத்தவருக்குப் பங்கும் உண்டு. இதை எந்த வீடியோவாவது சொல்கிறதா?

கருவி மேல் தப்பில்லை. 1984-ல் அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் தொல்லியலாளர்கள் இதே டிடெக்டரைத்தான் பயன்படுத்தினார்கள். சத்தம் வந்த இடமெல்லாம் கொடி நட்டு, ஒவ்வொரு தோட்டாவும் கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்தார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் போர் எப்படி நகர்ந்தது என்று தெரிந்தது.

வைகைக் கரையில் டிடெக்டர் இறங்கட்டும், தொல்லியல் துறையின் கையில், நோட்டுப் புத்தகத்தோடு. மற்றவர்கள் கையில் அது பீப் அடித்தால், மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வி.ஏ.ஓ.வுக்கு ஒரு போன் போடுங்கள். எடுத்த காசை விற்றுப் பணமாக்கலாம். குலைத்த மண்ணை மறுபடி அடுக்க எந்த மெஷினும் கிடையாது.